கைப்பேசி இல்லாத நாளில் மணி என்ன?

சென்ற பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில் எங்கள் வீட்டில் ஒரு சோதனை நடந்தது. முதல் நாள் இரவே எல்லாக் கைப்பேசிகளையும் அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். இணைய இணைப்பையும் நிறுத்திவிட்டோம். ஒரு பகல் முழுதும் இரண்டும் இல்லாமல் இருந்து பார்ப்பது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் யோசனை.

பேச்சும் படமும் இல்லாதது அப்படியொன்றும் கடினமாக இல்லை. நாங்கள் இடறிய இடம் வேறு. காலையில் எழுந்தால் மணி தெரியவில்லை! கைக்கடிகாரம் கட்டும் வழக்கம் எங்கள் வீட்டில் எப்போதோ போய்விட்டது. சுவர்க் கடிகாரம் பல மாதங்களாக நின்று கிடந்ததை யாரும் கவனிக்கவே இல்லை. புதிய பேட்டரி போட்டதும் அது ஓடியது. ஆனால் முள்ளை எங்கே வைப்பது? மாலை 4-10 மணி ரயிலில் என் அம்மா வருகிறார். அடுத்த வீட்டில் கேட்பது ஆட்டத்தில் சேராது என்று மகள் சொல்லிவிட்டாள்.

சரி, சூரியனையே கேட்போம் என்று முடிவு செய்தோம். உத்தேசமாக ஒரு நேரத்தை வைத்துக் கடிகாரத்தை ஓடவிட்டோம். மொட்டைமாடியில் ஒரு மீட்டர் உயரமுள்ள குச்சியைத் தூக்குக்குண்டின் துணையால் செங்குத்தாக நிறுத்தினோம்.

உச்சிவேளையில் நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்தக் கணத்தைக் கண்ணால் பிடிக்க முயலாதீர்கள். அப்போது நிழலின் நீளம் பல நிமிடங்களுக்கு மாறாதது போலவே தோன்றும். காலையிலோ எங்கள் குச்சியின் நிழல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் சுருங்கியது. எனவே வேகமாக மாறும் வேளையில் அளந்து, அதிலிருந்து உச்சிவேளையைக் கணக்கிட வேண்டும்.

குச்சியின் அடியை மையமாகக் கொண்டு சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்தோம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே நுழைந்தபோது கடிகாரத்தில் 9-40. பிற்பகலில் நிழல் வளர்ந்து மீண்டும் வட்டத்தைத் தொட்டபோது 2-04. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் 11-52. அதாவது எங்கள் கடிகாரம் 11-52 காட்டிய கணமே உச்சிவேளை! முள்ளை 8 நிமிடம் முன்னே தள்ளினோம். மகளுக்கு ஒரே பெருமை, எனக்கும்தான்.

ரயில் நிலையம் கால் மணி நேர நடை. 3-45க்குக் கிளம்பினோம். உள்ளே நுழைந்தால் நிலையக் கடிகாரத்தில் 4-28! அன்று பார்த்து ரயில் சரியான நேரத்துக்கு வந்து போயிருந்தது. பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த அம்மா, “எத்தனை தடவைடா போன் போடறது?” என்றார்.

குச்சி பொய் சொன்னதா? இல்லை. அது காட்டியது திருச்சியின் நேரம். நிலையக் கடிகாரம் காட்டுவதோ இந்தியத் திட்ட நேரம், அது 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக் கோட்டுக்கு உரியது. திருச்சி 78.7 பாகையில் இருக்கிறது. புவி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். 3.8 பாகைக்கு 15 நிமிடம். அந்த அளவு தாமதித்தே சூரியன் எங்கள் உச்சிக்கு வருகிறது.

மீதி? புவியின் பாதை வட்டமன்று, நீள்வட்டம். அதன் அச்சும் 23.5 பாகை சாய்ந்துள்ளது. ஆகவே ஓர் உச்சிவேளையிலிருந்து அடுத்த உச்சிவேளை வரை எப்போதும் சரியாக 24 மணி இருப்பதில்லை. நாள்தோறும் சில விநாடிகள் கூடியும் குறைந்தும், பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் சூரியன் 14 நிமிடம் பின்தங்கி நிற்கும். நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தியிருக்கும். 15-உம் 14-உம் சேர்ந்தால் 29. எங்களுக்குக் கிடைத்தது 28. நிழலின் நுனி மங்கலாக விழும்போது ஒரு நிமிடப் பிழை பெரிதன்று. இதையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். மாடியில் நின்றபோது நினைவுக்கு வரவில்லை!

முன்னாளில் ஒவ்வோர் ஊரும் தன் உச்சிவேளையையே 12 மணியாக வைத்துக்கொண்டது. மாட்டு வண்டிப் பயணத்துக்கு அது போதும். ரயில் வந்தபின்தான் தொல்லை. ஊருக்கு ஒரு மணி என்றால் கால அட்டவணை போட முடியுமா? 1792இல் அமைந்த சென்னை வானாய்வகத்தின் நேரம் 19ஆம் நூற்றாண்டில் ரயில்வேக்களின் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் இந்தியத் திட்ட நேரம் வந்தது. அது சென்னை நேரத்துக்குச் சுமார் 9 நிமிடம் முந்தியது. இன்று புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு அதைக் காத்து வருகிறது. சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகள் சேர்ந்தது ஒரு விநாடி. உங்கள் கைப்பேசி நேரத்தைத் தானே கண்டுபிடிப்பதில்லை. வெளியே இப்படிக் காக்கப்படும் நேரத்தை வாங்கித்தான் காட்டுகிறது.

உங்கள் ஊரின் தீர்க்கக் கோட்டை வரைபடத்தில் பார்த்து, உச்சிவேளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று முதலில் கணக்கிடுங்கள். பிறகு கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுக் குச்சியை நடுங்கள். நிழலைப் பாருங்கள், சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். நவம்பர் முதல் வாரத்தில் வானம் தெளிந்திருந்தால் திருச்சிக்காரர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எந்த நாளானாலும், யாரும் ரயிலில் வராத ஞாயிறாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.