சூப்பர்ஹீரோ படத்தில் வேலை: கீழ்பென்னாத்தூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

"சினிமாவுக்குப் போகணும்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த வேலைக்கு?" என்பதுதான். பெரும்பாலும் இரண்டே பதில் வரும்: நடிப்பு, இயக்கம். கூட்டம் நெரிவதும் அந்த இரண்டு வாசலில்தான். மற்ற வாசல்களைப் பற்றி ஊரில் யாரும் சொல்வதில்லை. அந்த மற்ற வேலைகள் அதிகம் தேவைப்படுவது சூப்பர்ஹீரோ படத்துக்கு. ஸ்டோரிபோர்டு வரைபவர், கவச உடை செய்பவர், கயிறு கட்டி ஆளைப் பறக்க விடுபவர், ரோட்டோ ஆர்ட்டிஸ்ட், கம்பாசிட்டர் என்று ஒரு குடும்பக் கதைக்கு வேண்டியிராத பலர் இல்லாமல் அது நகராது.

கீழ்பென்னாத்தூர், வேட்டவலம், அவலூர்பேட்டை பக்கத்தில் +2 முடித்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் பேருந்து கீழ்பென்னாத்தூரைத் தொட்டுத்தான் போகிறது. அதில் ஏறும் முன் செய்து முடிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதியை ஊரிலிருந்தே செய்யலாம்.

ஒரு கட்டத்துக்குள் எத்தனை வேலை

தமிழ்ப் பிள்ளைகள் பலர் சூப்பர்ஹீரோக்களை முதலில் பார்த்தது திரையில் அல்ல, சிவகாசியில் அச்சான காமிக்ஸில். 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. 1984-இல் லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. மாயாவி, பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் 1962-இல் பிறந்த பாத்திரம். ஒரு கை இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். இதே பெயரில் ஒரு படம் எடுக்கும் திட்டத்தைப் பற்றி இயக்குநர் லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார்.

மாயாவியின் ஒரே ஒரு கட்டத்தை நாமே படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். ஆளில்லாத அறை. அந்தரத்தில் ஓர் இரும்புக்கை வங்கிப் பெட்டகத்தின் கைப்பிடியைத் திருகுகிறது. காமிக்ஸ் ஓவியர் உடலை வரையாமல் விட்டுவிட்டால் ஆள் மறைந்துவிட்டான். கேமராவின் முன்னால் நிற்கும் நடிகருக்கு உடல் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

முதலில் ஸ்டோரிபோர்டு ஓவியர் உட்காருகிறார். கை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கேமரா பெட்டகத்துக்கு எதிரே நிற்கிறதா, தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறதா, கை நெருங்கும்போது நகருமா, அசையாமல் நிற்குமா என்பதெல்லாம் தாளிலேயே முடிவாக வேண்டும். முடிவாகாவிட்டால் படப்பிடிப்பு நாளில் மொத்த யூனிட்டும் நின்றபடி யோசிக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். வரைந்த படங்களை வரிசையாக அடுக்கி, நேரம் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது அனிமேட்டிக். அதையே கணினியில் எளிய முப்பரிமாண உருவங்களை வைத்துச் செய்தால் ப்ரீவிஸ்.

அடுத்து அந்தக் கை. நிஜ இரும்பில் செய்தால் நடிகர் அதை நாள் முழுக்கச் சுமக்க முடியாது. அவர் கையை அச்செடுத்து, ஃபோம், ரெசின், ஃபைபர் என்று எடை குறைந்த பொருள்களில் வடித்து, விரல் மடங்க மூட்டு வைத்து, இரும்பின் தேய்மானமும் துருவும் தெரியும்படி வண்ணம் பூசுவார்கள். கிட்டத்தில் எடுக்கும் ஷாட்டுக்கு ஒன்று, சண்டைக்கு அடிபடாத மெத்தென்ற இன்னொன்று என்று நகல்களும் வேண்டும்.

படப்பிடிப்பில் நடிகரின் கையில் இந்தக் கவசம், உடலில் பச்சை அல்லது நீல உடை. அதே ஷாட்டை அதே கேமரா அசைவோடு, ஆளே இல்லாமல் இன்னொரு முறை எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கிளீன் பிளேட் என்று பெயர். பிறகு ஒரு சாம்பல் உருண்டையையும் ஒரு பளபளக்கும் உருண்டையையும் அதே இடத்தில் பிடித்துப் படமெடுப்பார்கள். அறையில் வெளிச்சம் எங்கிருந்து, எவ்வளவு விழுந்தது என்பதை அந்த உருண்டைகள் பின்னால் கணினியில் வேலை செய்பவருக்குச் சொல்லும்.

இனி ஸ்டுடியோ. மேட்ச்மூவ் செய்பவர் கேமரா நகர்ந்த பாதையைக் கணினிக்குள் மறுபடி அமைக்கிறார். ரோட்டோ ஆர்ட்டிஸ்ட் கையின் விளிம்பை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தெடுக்கிறார். பெயின்ட் பிரிவில் இருப்பவர் நடிகரின் உடலை அழித்து, கிளீன் பிளேட்டிலிருந்து பின்னணியை நிரப்புகிறார். இங்கேதான் பலர் யோசிக்காத ஒரு சிக்கல்: கை தனியாக மிதக்கும்போது மணிக்கட்டின் பின்பக்கம் கேமராவுக்குத் தெரியும். நிஜத்தில் அங்கே நடிகரின் முழங்கை இருந்தது. இல்லாத அந்த உள்பக்கத்தை ஒருவர் மாடல் செய்து, இன்னொருவர் அதற்கு ஒளி கொடுக்க வேண்டும். கடைசியில் கம்பாசிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து, பெட்டகக் கதவில் கையின் நிழலும் மங்கிய பிம்பமும் விழச் செய்கிறார். நிழல் தவறினால் கை ஒட்டவைத்த படம்போல நிற்கும். நொடிக்கு 24 ஃபிரேம். நான்கு நொடி ஷாட்டுக்கு 96. இத்தனையும் காமிக்ஸில் ஒரு கட்டம்.

இந்த வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புதிதாக வருகிறவரிடம் ஸ்டுடியோ எதிர்பார்ப்பது ஒரு வேலையில் உறுதி. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவரை எந்த மேசையில் உட்கார வைப்பது என்று அவர்களுக்குப் புரியாது.

கைவேலை தெரிந்தவர்களுக்கு

கணினி வாங்க வசதி இல்லை என்பதாலேயே இந்தத் துறை எனக்கில்லை என்று ஒதுங்கும் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் வேஷம் கட்டுவதில் பழுத்த மாவட்டம். செய்யாறு பக்கத்துப் புரிசையில் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து நடக்கிறது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய கட்டை வேஷத்தைப் பார்த்திருப்பீர்கள். தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஆள் பெரியவனாகத் தெரிய வேண்டும். ஆடுகிறவர் விடியவிடிய அதைத் தாங்க வேண்டும். சூப்பர்ஹீரோ உடை செய்பவர் முன்னால் இருக்கும் கணக்கும் இதேதான்.

'பிளாக் பாந்தர்' படத்துக்காக 2019-இல் ஆஸ்கர் வாங்கிய உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டர், காமிக்ஸ் உடையை அப்படியே தைக்கவில்லை. லெசோத்தோ மக்களின் போர்வையையும் ஜூலு பெண்களின் தொப்பியையும் ஆராய்ந்தார். அந்தத் தொப்பியின் வடிவம் முப்பரிமாண அச்சில் ராணியின் மகுடமானது. ஆரணிப் பட்டும் கூத்துக் கட்டையும் அப்படி ஆராயப்படக் காத்திருக்கின்றன. அதைச் செய்ய உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

கூத்திலிருந்து சூப்பர்ஹீரோ படத்துக்கு நேராகவே ஒரு பாதை உண்டு. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசைக் கண்ணப்பத் தம்பிரானிடமிருந்து நிறையப் பெற்றது. அந்தப் பட்டறையில் பல ஆண்டுகள் பயின்றவர் குரு சோமசுந்தரம். 2021 டிசம்பரில் பேசில் ஜோசப் இயக்கத்தில் வந்த மலையாள சூப்பர்ஹீரோ படமான 'மின்னல் முரளி'யில் வில்லனாக நடித்து இந்தியா முழுக்கப் பேசப்பட்டார். அந்தப் படத்தின் நாயகன் ஊர்த் தையல்காரன் என்பதும் எனக்குப் பிடித்த விஷயம்.

தையல் தெரிந்தவர்கள் கவனிக்க வேண்டியவை சில. இழுபடும் துணியை, தையல் விடாமல் தைக்கப் பழகுங்கள். நாயகன் உடைக்கு எப்போதும் பல நகல் உண்டு. சண்டைக் கலைஞருக்கானதில் உள்ளே கயிற்றுப் பட்டை போட இடம் விட வேண்டும். ஜிப் எங்கே வைப்பது என்பது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் நடிகர் கழிப்பறை போய்வர எவ்வளவு நேரமாகிறது என்பது அன்றைய படப்பிடிப்புக் கணக்கில் ஏறும். சித்திரை வெயிலில் ஃபோம் உடைக்குள் ஆள் மயங்கி விழாமலிருக்கக் காற்று போகும் வழியும் வேண்டும்.

சண்டைப் பிரிவுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: காப்பீடு இருக்கிறதா, மருத்துவ வண்டி நிற்கிறதா என்று கேட்காமல் கயிற்றில் ஏறாதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில், கார் சாகசக் காட்சியில் அனுபவமுள்ள சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார்.

கணினி வேலை: உள்ளபடியே

தமிழில் 2024-இல் வந்த 'அயலான்' போன்ற படங்களுக்கு வேலை செய்த பாண்டம் எஃப்.எக்ஸ். உட்படச் சென்னையில் பல விஎஃப்எக்ஸ் (விஷுவல் எஃபெக்ட்ஸ்) நிறுவனங்கள் உள்ளன. புதியவர்கள் பெரும்பாலும் ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ் வழியாக நுழைகிறார்கள். இரவு ஷிஃப்ட் வரும், கழுத்து வலி வரும், டெட்லைன் நெருங்கினால் ஞாயிறு இருக்காது. ரோட்டோ வேலையின் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போதே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் ரோட்டோவை முதல் படியாக மட்டும் வையுங்கள். சேர்ந்த நாளிலிருந்தே கம்பாசிட்டிங் பழகுங்கள்.

தொழில் ஆட்டம் காண்பதையும் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது. கீழ்பென்னாத்தூர் சாலையிலேயே கிழக்கே போனால் திண்டிவனம் தாண்டிப் புதுச்சேரி. அங்கே ஒரு பகுதி படமான 'லைஃப் ஆஃப் பை' 2013 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தின் புலியைக் கணினியில் உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் அதே மாதத்தில் திவால் மனு கொடுத்திருந்தது. 2025 பிப்ரவரியில் விஎஃப்எக்ஸ் நிறுவனங்களை நடத்திய டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை இழந்தார்கள். ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்திருப்பது இந்தத் துறையில் கட்டாயம்.

மென்பொருள் வாங்கப் பணம் வேண்டாம். முப்பரிமாண வேலைக்கான பிளெண்டர், ஓவியத்துக்கான கிரிட்டா இரண்டும் இலவசம். படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. கம்பாசிட்டிங் மென்பொருளான நியூக்கைப் பழகுவதற்கென்று வணிகம் சாராத பதிப்பு கிடைக்கிறது. 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்யப்பட்டதுதான். நல்ல கணினி மட்டும் வேண்டும். அதற்குக் கடன் வாங்குவதற்கு முன், நண்பர் வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ சில மாதம் பழகிப் பார்த்து, இந்த வேலையில் மனம் நிற்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கே படிப்பது, எங்கே ஏமாறுவது

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன் மற்றும் விஷுவல் எஃபெக்ட்ஸ் நான்காண்டுப் பட்டப்படிப்பு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் போன்ற பிரிவுகளும் அங்கே உண்டு. பிரிவுக்கேற்ப +2 பாடத் தகுதி மாறும். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஓவியமும் சிற்பமும்தான் உங்கள் பலம் என்றால் எழும்பூர், கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஃப்.ஏ. என்னைக் கேட்டால், ஸ்டோரிபோர்டுக்கும் கவச வேலைக்கும் கவின்கலைக் கல்லூரியே சிறந்த அடித்தளம். உடலமைப்பை வரையத் தெரியாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது.

தனியார் பயிற்சி மையங்களில் நல்லவையும் உண்டு. ஆனால் "100% வேலை உறுதி" என்ற பலகையைக் கண்டால் நின்று யோசியுங்கள். சென்ற ஆண்டு முடித்தவர்கள் எந்த நிறுவனத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களில் இரண்டு பேரிடம் நீங்களே பேசுங்கள். பேச விடாவிட்டால் பணம் கட்டாதீர்கள். நிலத்தை அடகு வைத்து இந்தப் படிப்பு வேண்டவே வேண்டாம்.

படப்பிடிப்புத் தளத்தில் உடை, கலை, சண்டை போன்ற துறைகளுக்கு, திரைப்படத் தொழிலாளர் கூட்டமைப்பான ஃபெப்சியின் கீழுள்ள அந்தந்தச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை தேவைப்படும். கட்டணம், விதி எல்லாவற்றையும் சங்க அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். "நான் வாங்கித் தருகிறேன்" என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

பாத்திரம் யாருடையது

பயிற்சிக்கு மாயாவியை வரையலாம். அதை வைத்துக் குறும்படம் எடுத்துக் காசு பார்க்க முடியாது. அந்தப் பாத்திரத்தின் உரிமை பிரிட்டனில் இருக்கிறது. தமிழ்ப் பதிப்பகமும் உரிமம் பெற்றுத்தான் வெளியிடுகிறது. இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கும் எழுத்துக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அதே சட்டம் உங்களையும் காக்கும். சொந்தமாக ஒரு நாயகனை உருவாக்கினால் தேதியோடு கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். கதையாக எழுதியிருந்தால் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. தென்னிந்தியாவில் சமீபத்தில் வென்ற சூப்பர்ஹீரோக்கள் பலர் இப்படிச் சொந்தமாகப் பிறந்தவர்கள். 2023-இல் வந்த 'மாவீரன்' படத்தில் நாளிதழுக்குப் படக்கதை வரையும் இளைஞனே நாயகன். அவன் வரையும் வீரனும் படத்துக்காகவே உருவானவன்.

அனுப்ப வேண்டியது

ஸ்டோரிபோர்டு வேலைக்கு: ஒரே காட்சி, பன்னிரண்டு முதல் இருபது கட்டம். செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டில் ஒரு துரத்தல், ஊர்ச் சந்தையில் காணாமல் போன குழந்தையைத் தேடுவது என்று நீங்கள் நேரில் அளந்து பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். அழகான தனி ஓவியங்கள் வேண்டாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கண் தடுமாறாமல் போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

விஎஃப்எக்ஸுக்கு: ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத ஷோரீல், அதாவது நீங்கள் செய்த ஷாட்களின் தொகுப்பு. சிறந்த ஷாட் முதலில். ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது எது என்று எழுத்தில் காட்டுங்கள். பயிற்சி மையம் கொடுத்த அதே ஷாட்டை உங்களோடு படித்த நாற்பது பேரும் அனுப்பியிருப்பார்கள். கீழ்பென்னாத்தூர் பேருந்து நிறுத்தத்தில் கைபேசியில் நீங்களே எடுத்த ஒரு ஷாட்டில் இரும்புக்கையை மிதக்க விட்டுப் பாருங்கள்.

உடை, கவசத்துக்கு: முடிந்த பொருளின் படம் ஒன்று, செய்யும்போது எடுத்த படங்கள் பத்து. போட்டுக்கொண்டு ஒருவர் உட்காருவதும் ஓடுவதும் கையைத் தூக்குவதும் தெரியும் சிறு காணொளி ஒன்று. பயன்படுத்திய பொருள், மொத்த எடை, ஆன செலவு மூன்றையும் அடியில் குறிப்பிடுங்கள். கோப்புக்கு உங்கள் பெயர், பிரிவு, மாதம் மூன்றையும் வைத்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மூன்று மாதம் கழித்து, புதிய வேலை ஒன்றைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள்.