பழைய கருவியும் புதிய காவலும்

முன்னுரை

ஊத்தங்கரையை அடுத்து, சேலம் - சோலையார்பேட்டை இருப்புப்பாதையில் அமைந்த சிற்றூர் சாமல்பட்டி. அவ்வூரைச் சார்ந்த நம் முன்னாள் மாணவர் ஒருவர் இளங்கலைத் தமிழ் பயின்று, பின் கணிப்பொறியில் பட்டயம் பெற்று, ஓசூர்த் தொழிற்கூடம் ஒன்றின் கணிப்பொறிகளைக் காத்து வருகின்றார். அவர் அண்மையில் நம்மைக் காண வந்தபோது ஒரு செய்தி கூறினார். தொழிற்கூடத்தில் லினக்ஸ் கெர்னலைப் புதிதாக ஆக்க முனைந்தபோது, "கம்பைலரைப் புதுப்பிக்கவும்" என்னும் அறிவிப்போடு பணி பாதியில் நின்றதாம். பணியை முடிக்கும் விரைவில், தடையாக நின்ற காவல் வசதியை அணைத்துவிட்டு ஆக்கிவிட்டனராம். "ஐயா, பொறி ஓடுகிறது. காவல் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை" என்றார். அவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று உறுப்புகள்

கணிப்பொறியின் மூளை செயலி. அதன் வளங்களையெல்லாம் ஆளும் முதன்மை நிரல் கெர்னல். மனிதர் எழுதும் நிரலைச் செயலி அறியும் கட்டளைகளாகப் பெயர்ப்பது கம்பைலர். கட்டளைப் பெயர்களை எண்களாக மாற்றுவது அசெம்பளர். செயலியில் புதிய காவல் கட்டளை ஒன்று தோன்றினும், அதன் பெயரைப் பழைய அசெம்பளர் அறியாது. அதனை எங்கெங்கு இடவேண்டும் என்பதைப் பழைய கம்பைலர் அறியாது. அவ்வழிக் கெர்னல் ஆக்குவோர் யாது செய்வர்? அவர்கள் கைக்கொண்ட வழிகளை முறையே காண்போம்.

எண்ணால் எழுதுதல்

2012 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.7 பதிப்பு, 'ஸ்மாப்' என்னும் இண்டெல் செயலிக் காவலை ஏற்றது. பயனர் நினைவகப் பகுதியைக் கெர்னல் தவறியும் தொடாதவாறு தடுப்பது அது. தேவையான இடத்தில் மட்டும் கதவைத் திறக்க 'ஸ்டாக்' என்றும், மூட 'கிளாக்' என்றும் இரு கட்டளைகள் உண்டு. பழைய அசெம்பளர்கள் இப்பெயர்களை அறியா. ஆதலின் பெயரை விடுத்து எண்களையே எழுதினர்: திறக்க 15, 1, 203, மூட 15, 1, 202. எண்ணை எண்ணாகவே இடுவதற்கு எவ்வளவு பழைய கருவியும் போதும்.

இது நமக்குப் புதிய உத்தியன்று. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளை எழுத, இருந்த எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழைக் கண்டனர் நம் முன்னோர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோரின் ஆக்கங்கள் அவ்வெழுத்தில் அமைந்தவை. கருவி பழையது, பொருள் புதியது, இடையில் ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டை அறியாதார் படித்தால் பிழைபடும். எண்ணால் எழுதிய கட்டளையும் அத்தகையதே. அருகில் விளக்கக் குறிப்பு இன்றேல் பின்வருவோர்க்கு அது வெறும் எண்ணாகவே தோன்றும்.

அறியாதார் கடந்து செல்லும் கட்டளை

ஆர்ம் செயலிகளின் 8.3 கட்டமைப்பு, செயற்கூறு முடிந்து திரும்பவேண்டிய முகவரிக்கு முத்திரையிட்டுச் சரிபார்க்கும் வசதியைத் தந்தது. முத்திரையிடும் கட்டளை 'குறிப்பு 25'. சரிபார்ப்பது 'குறிப்பு 29'. பழைய செயலிகள் அறியாக் குறிப்புகளை ஒன்றும் செய்யாது கடந்து செல்லும். பழைய அசெம்பளரும் புதுப்பெயர் அறியாவிடினும் குறிப்பெண்ணை அறியும். ஒரே நிரல் இரு காலத்துப் பொறிகளிலும் ஓட இவ்வமைப்பு வழிசெய்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான செயற்கூறுகளின் தொடக்கத்திலும் முடிவிலும் இவற்றைக் கையால் எழுத இயலாது. அது கம்பைலரின் கடமை. இங்குதான் பழைய கம்பைலர் கைவிடுகின்றது.

பாதிக் காவலின் தீங்கு

2018 ஜனவரி 3 அன்று 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்னும் செயலிக் குறைகள் உலகறிய வெளிப்பட்டன. ஸ்பெக்டரின் ஒரு வகையைத் தடுக்க 'ரெட்போலின்' என்னும் முறை வகுக்கப்பட்டது. முகவரியை நினைவகத்திலிருந்தோ பதிவகத்திலிருந்தோ பெற்றுத் தாவும் ஒவ்வோர் இடத்தையும் அது மாற்றி அமைக்கும். அவ்வாறு மாற்றவல்ல ஜிசிசி 7.3 கம்பைலரும், அதனைப் பயன்கொண்ட லினக்ஸ் 4.15 கெர்னலும் அதே மாத இறுதியில் வெளிவந்தன.

பழைய கம்பைலர் உடையோர்க்கு அப்போது ஒரு சலுகை இருந்தது. கெர்னலில் கையால் எழுதிய அசெம்பளிப் பகுதிகள் மட்டும் காவல் பெறும். சி மொழியில் எழுதிய பெரும்பகுதி காவலின்றி நிற்கும். கெர்னலும் தன் நிலை அறிக்கையில், குறைந்த அளவு ரெட்போலினே உள்ளது, பொறி இன்னும் தாக்குதற்குரியது என்று மெய்யுரைத்தது. ஆனால் அவ்வறிக்கையைத் திறந்து பார்ப்போர் எத்துணைப் பேர்? வசதியைத் தேர்ந்தோம், ஆகவே காவல் உண்டு என்று கருதியோரே பலராதல் கூடும்.

நம் பகுதியின் நடுகற்கள் இதனை விளக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் கிடைத்த வட்டெழுத்து நடுகற்களில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் புள்ளியின்றியே காணப்படுகின்றன. புள்ளியே இல்லாத கல்லைப் படிப்பவர் இடமறிந்து விழிப்போடு படிப்பார். சில இடத்தில் புள்ளியிட்டும், சில இடத்தில் விடுத்தும் ஒரு கல் அமைந்தால், புள்ளியற்றதை உயிர்மெய் என நம்பி இடறுவார். காவலின்மையினும் பாதிக் காவல் தீங்கு பயப்பது இவ்வாறேயாம்.

இதனை உணர்ந்தே 2018 இறுதியில் கெர்னல் ஆக்குவோர் அச்சலுகையை நீக்கினர். ரெட்போலினைத் தேர்ந்து, கம்பைலர் அதற்கு இயலாததாயின், பணி பிழையோடு நிற்கும் என விதித்தனர். நம் மாணவர் கண்ட அறிவிப்பு இதுவே. அது இடையூறன்று, எச்சரிக்கை.

கருவியை வினவுதல்

2018 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 4.18 மற்றொரு சீர்மை தந்தது. எந்தெந்த வசதிகள் வேண்டும் எனத் தேர்வு செய்யும் நிலையிலேயே, "இதனை நீ அறிவாயா?" என்று கம்பைலரைச் சோதித்து, அறியாதாயின் அவ்வசதியைப் பட்டியலில் காட்டாது விடும் முறை அது. பதிப்பெண்ணை மட்டும் நம்பாது, திறத்தைச் சோதித்தறிதல் இதன் சிறப்பு. எனினும் காட்டாது விடப்பட்டது எது என்று நாமே தேடிப் பார்த்தல் வேண்டும்.

காலந்தோறும் கீழெல்லையும் உயர்த்தப்படுகின்றது. 2021இன் லினக்ஸ் 5.15 ஜிசிசி 5.1ஐயும், 2025இன் லினக்ஸ் 6.16 ஜிசிசி 8.1ஐயும் குறைந்த அளவாகக் கொண்டன. எல்லை உயர உயர, பழைய கருவிக்காக எழுதிய சுற்றுவழிகளைக் களையலாம். நிரல் தெளிவு பெறும். 

முடிவுரை

நம் மாணவர்க்கு மூன்று கூறினோம். முதலாவது, கெர்னலின் நிலை அறிக்கையைத் திறந்து படித்தல், லினக்ஸ் 4.15 முதல் 'வல்னரபிலிட்டீஸ்' என்னும் கோப்புறையில் குறைக்கு ஒரு வரியாக அது உள்ளது. இரண்டாவது, ஜிசிசி விலையின்றிக் கிடைப்பதாகலின், பழையதை நீக்காமலே புதியதை அதன் அருகில் நிறுவிக் கெர்னலை மீண்டும் ஆக்குதல். மூன்றாவது, அணைத்த வசதி எது, ஏன் என்பதை ஏட்டில் எழுதி வைத்தல்.

மறுவாரம் அவர் தொலைபேசியில் அழைத்தார். அறிக்கையில் காவல் இல்லை என்றே இருந்ததாம். புதிய கம்பைலரால் மீண்டும் ஆக்கியபின் அவ்வரி மாறிற்றாம். தமிழ் பயின்றோர் பாட வேறுபாடுகளை ஒப்புநோக்கிப் பழகியவர்கள். ஒரு வரியை ஐயுற்றுத் திறந்து படிக்கும் அப்பழக்கமே அத்தொழிற்கூடத்திற்கு அன்று காவலாயிற்று. கருவி பழையதாதல் குற்றமன்று. அதனால் இயலாததை இயன்றதாகக் கொள்வதே குற்றம் என்பதை மாணவச் செல்வங்கள் நினைவிற்கொள்வார்களாக.