வாஷிங்டன் வளர்ந்த மனையும் மாணவர் அகழ்வும்

வரலாறு என்றவுடன் அரண்மனையும் கோட்டையும் போர்க்களமுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயின், ஒரு குடும்பம் உண்டும் உறங்கியும் வாழ்ந்த மனையிடமும் வரலாற்றுக்குச் சான்று பகரவல்லது. அச்சான்றை மாணவர் கைகளும் வெளிக்கொணரலாம் என்பதற்கு அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள 'பெரி பாம்' என்னும் பண்ணை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். தோணித்துறைப் பண்ணை என்பது அப்பெயரின் பொருள்.

ராப்பகனாக் ஆற்றங்கரையிலுள்ள இப்பண்ணைக்கு 1738 ஆம் ஆண்டில், ஆறு வயதுச் சிறுவனாக, ஜோர்ஜ் வாஷிங்டன் பெற்றோருடன் வந்து சேர்ந்தார். 1743 இல் தந்தையார் இறந்தபின் தாயார் மேரியே குடும்பத்தைத் தாங்கினார். காலப்போக்கில் வீடு அழிந்தது. அது நின்ற இடமும் மறைந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது போர்வீரர் வெட்டிய பதுங்குகுழிகள் அந்நிலத்தை மேலும் குலைத்தன.

மறைந்த அம்மனையைத் தேடும் பணியை டேவிட் முராக்கா, பிலிப் லெவி ஆகிய இரு அறிஞரும் நடாத்தினர். லெவி கற்பித்த தென்புளோரிடாப் பல்கலைக்கழகத்து மாணவர் கோடைகாலங்களில் அங்குச் சென்று பயின்றனர். அகழ்வு என்பது மண்வெட்டி கொண்டு குழி பறித்தலன்று. நிலத்தை அளந்து சதுரங்களாகப் பிரித்து, சிறு சாந்தகப்பையால் மண்ணைப் படையாகச் சுரண்டி, நிறமாற்றத்தைக் குறித்து, எடுத்த மண்ணை அரிதட்டில் அரித்தல் வேண்டும். கிடைத்த ஒவ்வோர் ஓடும் எச்சதுரத்தில், எப்படையிலிருந்து வந்தது என்று எழுதப்படல் வேண்டும். இடம் குறிக்கப்படாத பொருள் வாய் பேசாச் சாட்சியாகும்.

முதலில் வெளிப்பட்ட அத்திவாரம் வாஷிங்டன் காலத்துக்கு முந்தியது, அடுத்தது பிந்தியது. மாணவர் உழைப்பு வீணாயிற்றோ எனின், இல்லை. தவறான இடங்களை நீக்குவதும் ஆராய்ச்சியே. மூன்றாவதாகக் கண்ட நிலவறைகளே அக்குடும்பத்தின் வீட்டுக்குரியவை என 2008 இல் அறிவிக்கப்பட்டது.

அங்குக் கிடைத்த சிறு பொருள்கள் ஏட்டுச் செய்திகளைத் திருத்தின. 1740 ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் அவ்வீடு தீப்பிடித்ததெனப் பழைய குறிப்புகள் கூறும். அதனால் வீடு முற்றாக எரிந்ததெனச் சிலர் கருதினர். கரிந்த தடயங்களோ தீ ஒரு பகுதியோடு நின்றதைக் காட்டின. பொய்மயிர் சுருட்டும் களிமண் உருளைகள் அக்குடும்பத்தார் நாகரிகத்தைப் பேண விரும்பியதைக் கூறின. பசையிட்டு ஒட்டப்பட்ட பீங்கான் கிண்ணமொன்று, தந்தையை இழந்த குடும்பத்தின் சிக்கனத்தை உணர்த்திற்று.

அக்கிண்ணத்தில் செரிப்பழங்கள் வரையப்பட்டிருந்தமை வியப்பே. சிறுவன் வாஷிங்டன் செரிமரத்தை வெட்டி, தந்தையிடம் உண்மை கூறினான் என்னும் கதையை நாமெல்லாம் பள்ளியிற் கேட்டிருக்கிறோம். வாஷிங்டன் 1799 இல் மறைந்தபின், வீம்ஸ் என்னும் போதகர் 1806 இல் தம் நூலின் பதிப்பொன்றிற் சேர்த்த கதை அது. அதற்கு மண்ணில் யாதொரு சான்றும் இல்லை.

வேறோர் உண்மைக்கோ அம்மண் சான்றாயிற்று. அப்பண்ணையில் அடிமைகளாக உழைத்த ஆபிரிக்க மக்கள் பலர். தந்தையின் சொத்தாகப் பதினொரு வயது வாஷிங்டனுக்குப் பண்ணையோடு பத்து அடிமைகளும் உரிமையாயினர். அம்மக்கள் தம் வாழ்வைப் பற்றி எழுதிவைத்த கடிதமில்லை. அவர்தம் வாழ்வை அறிய, அவர் வதிந்த இடத்து மண்ணே பெருந்துணையாகின்றது.

1996 இல் இந்நிலத்தில் பெரியதொரு கடை எழவிருந்தது. மக்கள் எதிர்த்தமையால் நிலம் காக்கப்பட்டது. எதிர்த்திராவிடின் இச்சான்றுகள் யாவும் சீமேந்துத் தரையின்கீழ் மறைந்திருக்கும்.

மாணவர் இதனாற் பெறும் பாடம் ஒன்று. நாம் விரும்பும் கதையைச் சான்று மறுக்குமாயின், கதையைக் கைவிடுதலே கல்வி. உண்மை கூறிய சிறுவனின் கதையைப் போற்றும் நாம், அக்கதையைப் பற்றிய உண்மையையும் கூற அஞ்சலாகாது.