காலைப் பயிற்சியைப் பார்த்தா ரேஸில் ஜெயிக்கலாமா?

ஹாங்காங் ஷா டின் மைதானத்தில் குதிரைகள் காலையில் பயிற்சி ஓடுற வீடியோவை ஜாக்கி கிளப்பே வெளியிடுது. அதைப் பார்த்து பெட் கட்டினா லாபமா?

குதிரை நொண்டுதா, துடிப்பா இருக்கான்னு ஓரளவு தெரியும். ஆனா பயிற்சியில் பெரும்பாலும் முழு வேகத்தில் விரட்ட மாட்டாங்க. அதைவிட முக்கியம், அந்த வீடியோவை எல்லாரும்தான் பார்க்கிறாங்க. நல்லா ஓடின குதிரை மேல பணம் குவியும். அது ஜெயிச்சாலும் கிடைக்கிற தொகை குறையும்.

கூடவே, 'வின்' பெட்டில் சேரும் மொத்தப் பணத்தில் 17.5% முதலிலேயே கழிஞ்சிடும். 100 டாலர் கட்டினா சராசரியா திரும்புவது 82.50. வந்ததையே திரும்பத் திரும்பக் கட்டினா, 10-வது தடவை முடிவில் மிஞ்சுவது சுமார் 15 டாலர்தான்!

பங்குச்சந்தையிலும் பணம் போடும் முன் ரெண்டே கேள்வி கேளுங்க: இது ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த செய்தியா? கட்டணமா எவ்வளவு கழியுது?