வினையும் மருந்தும்

மூப்பு உடம்பெடுத்தார் யாவர்க்கும் பொது. அதனைத் தவிர்த்தல் ஒருவர்க்கும் இயலாது. அதற்கு முற்பட ஆயத்தமாதல் ஒன்றே இயல்வது. அவ்வாயத்தத்தைத் தடுக்கும் கொள்கையொன்று சைவர் சிலரிடை வழங்கி வருகின்றது. அஃதாவது, நோயும் தளர்ச்சியும் பிராரத்த வினையின் பயன்; நுகர்ந்தே அதனைக் கழித்தல் வேண்டும்; மருந்துண்டு மாற்ற முயல்வது ஊழொடு பொருதலாம்; உடம்போ மாயையின் காரியமாகலின் அதனை ஓம்புதல் பற்றை வளர்ப்பதாம் என்பது. அறுபதைக் கடந்த யாம், எம்மை ஒத்த ஆண்டினர் சிலர் இவ்வுரையைப் பற்றிக்கொண்டு நீரிழிவைப் பேணாது விட்டு, ஆறாப் புண்ணும் பார்வைக் கேடும் எய்தக் கண்டுள்ளோம். ஆதலின் இஃது ஏட்டளவில் நிற்கும் ஐயமன்று. இவ்வுரை சித்தாந்தத்திற்கு உடன்பாடாமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

பிராரத்தம் நுகர்ந்து கழிவது என்பது உண்மையே. அந்நுகர்ச்சி வருமாறு யாங்ஙனம் எனின், வினை சடமாகலின் தானே சென்று உயிரைப் பொருந்தமாட்டாது, இறைவனே கூட்டுவிப்பன். கூட்டுங்கால் உணவு, காலம், இடம், பிறவுயிர் முதலியவற்றை வாயிலாகக் கொண்டே கூட்டுவன். நோய் ஒரு வாயிலான் வருமாயின், அதனைத் தணிக்கும் மருந்தும் அவன் அமைத்த வாயிலேயாம். பசியும் வினைப்பயனே, பசித்துழி உண்ணாதிருப்பார் யார்? சோற்றை ஏற்று மருந்தை மறுப்பார், அவ்விரண்டிற்கும் வேற்றுமை காட்டுதல் கடன். அன்றியும், மறுத்தலும் ஒரு செயலே. அதனால் ஆகாமியம் ஏறும் என்பதை அவர் எண்ணினாரல்லர்.

சிவஞான சித்தியார், மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறியும், சில நோயை இனியன கொடுத்தும் தீர்த்தல்போல, இறைவன் துன்பமும் இன்பமும் ஊட்டி வினையை அறுப்பன் என உவமை கூறிற்று. மருத்துவம் இழிதொழிலாயின் அருணந்தி சிவாசாரியார் அதனை இறைவன் செயற்கு உவமையாக்கார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தர் ‘வினை, நுகர்மின்’ என்று வாளா இருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் பாடி அந்நோயைப் போக்கினார். வினை என்று சொல்லி உய்யும் வழி நாடாதிருத்தல் குறைபாடு என்பதே அப்பதிகத்தின் கருத்தாம். கண்ணப்பர் இறைவன் திருக்கண்ணிற் குருதி கண்டு, அதனை நிறுத்துதற்கு முதற்கண் தேடியது காட்டுப் பச்சிலையையே. அது பயன்படாமை கண்ட பின்னரே தம் கண்ணை இடந்து அப்பினார். உடம்பை இழுக்கென்று முன்னர்க் கருதியிருந்த திருமூலர், அதனுள் உறுபொருளைக் கண்ட பின்னர் அதனைப் பேணலாயினார். மாயையின் காரியமாகிய தனுவாதிகள் ஆணவ இருளில் உயிர்க்கு விளக்காய் உதவுவன என்பது நம் நூற்றுணிபு. விளக்கிற்கு நெய் வார்த்தல் விளக்கின்மேற் பற்றன்று. காணவேண்டிய பொருளின்மேற் பற்றாம்.

அற்றேல், சீவன்முத்தர் உடம்பைப் பொருட்படுத்தாமை எற்றுக்கு எனின், அந்நிலை எய்தினார் எம்மையும் நும்மையும் வினவ வாரார். அந்நிலை எய்தாதார் அவர் ஒழுக்கத்தில் இவ்வொன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் பொருந்தாது.

இனி, ஆயத்தம் மூவகைத்து.

முதலாவது உடல். ஆண்டு ஏறத் தசை மெலியும். நீர்வேட்கை உணர்ச்சி குறையும். ஆதலின் வேட்கையை எதிர்பாராது அளவறிந்து நீர் பருகுதல் நன்று. அறுபத்தைந்து கடந்தாரும் வாரத்திற்கு 150 நிமிடமேனும் நடத்தல் முதலிய மிதமான உடலுழைப்புச் செய்தல் வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது; திருக்கோயில் வலமும் நந்தவனப் பணியும் இதற்குப் போதிய வாயில்களாம். திருக்குளப் படியிலும் நனைந்த பிராகாரத்திலும் வழுக்கி வீழ்தலே முதியோர்க்குப் பெரும்பகை. கைப்பிடியும் ஊன்றுகோலும் நாணத்தக்கன அல்ல. நெடிது வணங்கி எழுவோர் சிறிது அமர்ந்து எழுக, விரைந்தெழின் தலைசுற்றும். நீரிழிவுக்கு மருந்துண்போர் சோமவாரம், சிவராத்திரி முதலிய விரதங்களை மருத்துவரை வினவாது மேற்கொள்ளற்க. மருந்துண்டு உணவு ஒழியின் குருதியிற் சர்க்கரை தாழ்ந்து உயிர்க்கே இடர் நேரும். பாலும் பழமும் கொண்டு நோற்றலும் நோன்பேயாம்.

இரண்டாவது உள்ளம். முதுமையில் நோயினும் கொடிது தனிமை. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங்கழுவப்பெற்ற ஞானியர்க்கும் அடியாரொடு கூடுதலையும் ஆலயந் தொழுதலையும் விதித்தது. ஞானியர்க்கே இணக்கம் வேண்டுமெனின் நம்போலியர்க்குக் கூறவேண்டா. செவி மந்தமாயினார் நாணிக் கூட்டத்தை விட்டொதுங்குதல் காண்கின்றோம்; செவிக்கருவி அணிந்தேனும் கூட்டத்தில் அமர்தல் வேண்டும். எண்பத்தோராண்டு வாழ்ந்தாரென மரபு கூறும் திருநாவுக்கரசர், கயிலை யாத்திரையில் உடம்பு தேய்ந்த பின்னரும் திருப்புகலூரில் உழவாரத்தைக் கைவிட்டிலர். செய்யும் பணி உள்ளவழிச் சோர்வு அணுகாது. ஓர் இளைஞனுக்குச் சாத்திரம் ஓதுவித்தலும் உழவாரமே.

மூன்றாவது உலகியல் ஒழுங்கு. பொருளை ஒழுங்குசெய்யாது இறப்பின், மக்களிடை வழக்கு விளையும். விருப்பாவணம் எழுதுவோர் சான்றாளர் இருவரைக்கொண்டு கையொப்பமிடுவிக்க. உயிரோடிருக்கையில் சொத்தைத் தானமாக மாற்றிக் கொடுப்போர், தம்மைப் பேணுதல் வேண்டும் என்னும் நிபந்தனையை ஆவணத்திலேயே எழுதுவிக்க. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்தகுடிமக்கள் பராமரிப்புச் சட்டம், அந்நிபந்தனை வழுவியவழி அம்மாற்றத்தைச் செல்லாதென அறிவிக்க இடந்தருகின்றது. மீளா நிலையிற் கருவிகளால் உயிரை நீட்டித்தல் வேண்டுமா, வேண்டாவா என்பதை அறிவு தெளிவாயுள்ளபோதே எழுதிவைக்கும் உரிமையை இந்திய உச்சநீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023-இல் அதன் முறையை எளிதாக்கிற்று. மருந்து உண்க என்று மேலே கூறிய யாம் இதனையும் கூறுதல் முரணன்று. உய்யும் வழி உள்ளவரை நாடுதலும், அஃது இல்வழி இறைவன் திருவுள்ளத்திற்கு அமைதலும் ஒரே அறிவின் இரு கூறுகளாம்.

இறுதிக்கண் திருவைந்தெழுத்தை நினைந்துகொள்வோம் என்பாரும் உளர். அந்நாளில் நினைவு நம் வயத்ததன்று. நாடோறும் பயின்றதே அன்று முற்படும். ஆதலின் திருவைந்தெழுத்தையும் மருந்தையும் நாளைக்கென்று வையாது, இரண்டையும் இன்றே கைக்கொள்ளுதல் சைவர்க்குக் கடனென்பது எமது துணிபு.

திருச்சிற்றம்பலம்.