போரோவா, லெண்டா? தமிழிடமே கேளுங்கள்



"தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது" என்ற பேச்சை நாம் எல்லாரும் கேட்டிருப்போம். அதை நம்பியே பல பேர் எம்.யூ.இ.டி. பேச்சுத் தேர்விலும் வேலை இண்டர்வியூவிலும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். ஆனால் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் சில ஆங்கிலச் சொற்களைத் தமிழே அழகாகப் பிரித்துக் காட்டும்.

1. போரோ, லெண்ட்

"கேன் யூ போரோ மீ யுவர் பென்?" என்று கேட்பது நம் நாட்டில் சகஜம். பேச்சு மலாயில் 'பிஞ்சாம்' என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் ஓடுவதால் வந்த பழக்கம் இது. தமிழில் யோசியுங்கள். இரவல் வாங்குவது போரோ, இரவல் கொடுப்பது லெண்ட். அதனால் "கேன் ஐ போரோ யுவர் பென்?" அல்லது "கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?" என்பதே சரி. நாளைக்கு வங்கிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது 'போரோவர்' நீங்கள், 'லெண்டர்' வங்கி. திருப்பிக் கட்ட வேண்டியவர் யார் என்பதே இந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

2. பிரிங், டேக்

கோயிலில் இருப்பவர் போனில் "வரும்போது பூ கொண்டு வா" என்றால் அது பிரிங். வீட்டில் இருக்கும் அம்மா "கோயிலுக்குப் பூ கொண்டு போ" என்றால் அது டேக். 'வா' வந்தால் பிரிங், 'போ' வந்தால் டேக். அவ்வளவுதான்.

3. ஆஸ்க், ஹியர், லிசன்

இங்கே தமிழ் நமக்கு உதவாது. மூன்றுக்கும் 'கேள்' ஒன்றுதான். கேள்வி கேட்டால் ஆஸ்க். கோயில் மணிச் சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர். சமயச் சொற்பொழிவை உட்கார்ந்து கவனமாகக் கேட்டால் லிசன். 'லிசன்' பக்கத்தில் 'டு' போட மறக்காதீங்க: "லிசன் டு தி டாக்."

4. அக்யுரேட், பிரிசைஸ்

இரண்டையும் நாம் பெரும்பாலும் 'துல்லியம்' என்றே சொல்லிவிடுகிறோம். அறிவியல் ஆய்வு அறிக்கையில் இவை வேறு வேறு. 100 கிராம் எடைக்கல்லை ஒரு தராசு மூன்று முறையும் 105 கிராம் என்றே காட்டினால் அது பிரிசைஸ், ஆனால் அக்யுரேட் இல்லை. ஒரே மாதிரி வருவது பிரிசைஸ். உண்மை அளவை ஒட்டி வருவது அக்யுரேட்.

ஆக, குழப்பம் வந்தால் முதலில் தமிழில் எத்தனை சொல் என்று பாருங்கள். இரண்டு இருந்தால் அதுவே விடை. ஒன்றுதான் இருந்தால், அங்கே நடப்பது என்ன என்று யோசியுங்கள்.

இப்போ ஒரு பயிற்சி: 'நம்புகிறேன்' என்பதற்கு ஹோப், பிலீவ் இரண்டும் வரும். எது எப்போது? நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.