மிலானில் படிப்பவர்களுக்கு முதல் கடல் ஜெனோவாதான்

மிலானுக்குப் படிக்க வரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் குளிர்காலம் முடிவதற்குள் கடல் ஏக்கம் பிடித்துக்கொள்ளும். இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறுகூடக் கிடையாது, கால்வாய்கள்தான். பிப்ரவரித் தேர்வுகள் முடிந்த கையோடு வாட்ஸாப் குழுவில் யாராவது பார்சிலோனாவுக்கோ லிஸ்பனுக்கோ மலிவு விமான டிக்கெட்டின் படத்தைப் போட்டு, "போலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் நண்பர்களோடு போகிற முதல் கடற்கரைப் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்வது ஜெனோவாவை. மிலானுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்.

முதல் காரணம் காகிதம். இத்தாலியில் வந்து இறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்தில் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கையில் தருவது ஒரு ரசீது மட்டுமே. கார்டு வர மாதக்கணக்கில் ஆகும். விசா தேதியும் முடிந்து, கார்டும் கைக்கு வராத இடைவெளியில் அந்த ரசீதை வைத்துக்கொண்டு இத்தாலிக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். வேறொரு ஷெங்கன் நாட்டுக்குள் நுழைய அது செல்லாது. "யாரும் பார்க்க மாட்டாங்கடா" என்று சீனியர்கள் சிலர் தைரியம் சொல்வார்கள். கேட்காதீர்கள். நீஸ் போகும் வழியில் பிரெஞ்சு எல்லையில் 2015 முதல் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வாரயிறுதிக்காகப் படிப்பையும் அனுமதியையும் பணயம் வைக்கக் கூடாது. குழுவில் ஒரே ஒருவரிடம் ரசீது மட்டும் இருந்தாலும், அவர் வரக்கூடிய ஊருக்கே எல்லோரும் போக வேண்டும் என்பது என் கட்சி. அவரை விட்டுவிட்டுப் போய்ப் படம் அனுப்புவது நட்பு இல்லை.

உள்நாடுதானே என்று பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். தங்குமிடம் எதுவானாலும், விருந்தினர் ஒவ்வொருவரின் விவரத்தையும் அவர்கள் போலீசுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். அசல் ஆவணம் கேட்பார்கள், போனில் இருக்கும் படம் போதாது. அறை வாடகைக்கு மேல் ஆளுக்கு, இரவுக்கு என்று நகர வரி தனியாக உண்டு. அதைப் பல இடங்களில் ரொக்கமாகத்தான் வாங்குவார்கள்.

ரயில் விஷயத்தில் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். மண்டல ரயிலின் கட்டணம் இரண்டு மாதம் முன்பு வாங்கினாலும் புறப்படும் நேரத்தில் வாங்கினாலும் ஒன்றுதான். இன்டர்சிட்டி, அதிவேக ரயில்களில்தான் முன்கூட்டி வாங்கினால் விலை குறையும். கடைசி நிமிடம்வரை "நான் வர்றேனா தெரியல" என்று இழுப்பவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பதால், மாணவர்களுக்கு மண்டல ரயிலே வசதி. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். போனில் வாங்கியது என்றால் செக்-இன் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டையும் செய்யாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம்.

ஜன்னலோரம் உட்காருங்கள். பவியாவைச் சுற்றி நெல் வயல்கள், அடுத்துப் போ நதி, பிறகு அப்பென்னைன் மலையின் சுரங்கங்கள். கடைசிச் சுரங்கம் முடிந்ததும் வெளிச்சமே வேறாக இருக்கும்.

பணத்தைப் பற்றிப் புறப்படும் முன்பே பேசிவிட வேண்டும். உதவித்தொகை வந்தவரும் வராதவரும் ஒரே குழுவில் இருக்கும்போது, உணவகத்தில் உட்கார்ந்த பிறகு "சமமாப் பிரிச்சுக்கலாம்" என்பது ஒருவருக்கு வலிக்கும். அவர் வாய் திறந்து சொல்லவும் மாட்டார். நாங்கள் செய்தது இது: அறை, பயணம், காலை உணவு மூன்றுக்கும் பொதுப் பணம். அதை ஒருவர் வைத்திருப்பார். மற்றதெல்லாம் அவரவர் கை. மேசையில் உட்கார்ந்தாலே ஆளுக்கு இவ்வளவு என்று பில்லில் 'கொப்பர்த்தோ' சேரும். நின்றபடி குடிக்கும் காபிக்கும் உட்கார்ந்து குடிக்கும் காபிக்கும் விலை வேறு. இந்தச் சிறு கணக்குகள் தெரிந்தவர் குழுவில் ஒருவர் இருந்தால் போதும்.

இன்னொரு ஏற்பாடும் எங்களுக்கு நன்றாகப் பலித்தது. ஆளுக்கு ஓர் ஆசை. ஒவ்வொருவரும் ஒரே ஓர் இடத்தைச் சொல்லலாம். அதற்கு மற்றவர்கள் முணுமுணுக்காமல் வர வேண்டும், அல்லது அந்த நேரத்தில் தனியே போய்விட்டு, சொன்ன மணிக்குச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று இணையத்தில் வரும் பட்டியல்களைவிட இது எவ்வளவோ மேல்.

சிவில் படிக்கும் தம்பி கேட்டது பாலம். 1967இல் திறந்த மொராந்தி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மழையில் இடிந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் ஜெனோவாக்காரரான ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பாலம் 2020இல் திறக்கப்பட்டது. மெட்ரோவின் மேற்கு முனையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாலத்தடியில் 43 மரங்கள் நட்ட நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு வகை. பழைய பாலத்தின் தாங்குகம்பிகள் கான்கிரீட்டுக்குள் மறைந்திருந்ததையும், உள்ளே துருப்பிடித்தால் வெளியே தெரியாது என்பதையும் தம்பி விளக்கினான். வகுப்பில் நான் படித்ததைவிட அந்த அரை மணி நேரம் அதிகம் கற்றுத் தந்தது.

தூத்துக்குடி நண்பருக்குத் துறைமுகம். பழைய துறைமுகத்தில் 2004இல் திறந்த கலாத்தா கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டணம் மாணவர்களுக்குச் சற்று அதிகம்தான், ஆனாலும் கொடுக்கலாம். மேல் தளத்தில் ஒரு பகுதி முழுக்க, இங்கிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பிழைக்கப் போன இத்தாலியர்களைப் பற்றியது. மூன்றாம் வகுப்புப் படுக்கையறையை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். இரட்டையடுக்குக் கட்டில்கள், இடையில் ஒருவர் மட்டும் போகிற அளவு இடைவெளி. லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் போயிருக்கிறார்கள். இன்று வசிப்பு அனுமதிக்காகப் போலீஸ் அலுவலக வரிசையில் நிற்கும் நமக்கு, இந்த நாடும் ஒரு காலத்தில் இதே போல வரிசையில் நின்ற நாடு என்று அங்கே தெரிகிறது. பிரின்சிப்பே ரயில் நிலையத்துக்குக் கீழேயே, பழைய யாத்திரிகர் சத்திரம் ஒன்றில் 2022இல் இத்தாலியக் குடிபெயர்வுக்கென்றே தேசிய அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் இவற்றில் ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்பேன்.

அரண்மனைகளுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு 2 யூரோதான் கட்டணம், ஆனால் அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. நமக்குக் கிடைப்பது மாதத்தின் முதல் ஞாயிறு. அன்று அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம். ஜெனோவாவில் வியா பால்பியில் உள்ள அரச மாளிகையும், சந்துகளுக்குள் இருக்கும் ஸ்பினோலா மாளிகையும் இந்தக் கணக்கில் வரும். அரச மாளிகையின் கண்ணாடிக் கூடத்தைப் பார்த்துவிட்டு மேல்மாடத்துக்குப் போனால் துறைமுகம் முழுதும் தெரியும். ஜெனோவா குடியரசாக இருந்த காலத்தில், அரசு விருந்தினர் வந்தால் தங்கவைக்க வேண்டிய தனியார் மாளிகைகளுக்கு ஒரு பட்டியலே போட்டு 1576இல் ஆணை பிறப்பித்திருக்கிறார்கள். பட்டியலில் வீடு இருந்தால் விருந்தினரை ஏற்றே ஆக வேண்டும். அந்த 'ரோல்லி' மாளிகைகளில் 42ஐ 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. அவற்றில் ஒன்றான துர்சி மாளிகை இன்று மாநகராட்சி அலுவலகம். பகானினி வாசித்த, 1743இல் செய்த வயலின் அங்கேதான் இருக்கிறது.

பழைய நகரத்தின் சந்துகளை 'கருஜ்ஜி' என்பார்கள். கை இரண்டையும் நீட்டினால் இருபுறச் சுவரும் தொடும் சந்துகள் உண்டு. ஆறு, ஏழு மாடி வீடுகளுக்கு இடையே போனின் வரைபடம் தடுமாறும். அதை நம்பாதீர்கள், இறக்கத்தை நம்புங்கள். எந்தச் சந்தில் இறங்கினாலும் துறைமுகத்துக்கு வந்து சேரலாம். பகலில் பயமில்லை. இரவு பத்துக்கு மேல் துறைமுகத்தை ஒட்டிய வியா பிரே பக்கத்துச் சந்துகளில் பெண்கள் தனியே போக வேண்டாம், ஆண்களும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டாம். அறை எடுக்கும்போதே அகலமான சாலையில், விளக்குள்ள இடத்தில் எடுப்பது நல்லது. சான் லொரென்சோ பேராலயத்துக்குள் கட்டாயம் எட்டிப் பாருங்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் சுட்ட குண்டு கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து வெடிக்காமல் போனது. அதே போன்ற ஓர் ஆளுயரக் குண்டை வலப்பக்கச் சுவரோரம் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இனி சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இத்தாலியக் கடலோரத்தில் இவ்வளவு இதமான ஊர் வேறு இருக்குமா என்பது சந்தேகம். எங்கள் குழுவில் முட்டைகூடச் சாப்பிடாத அக்கா ஒருவர் உண்டு. மற்ற ஊர்களில் தக்காளி பீட்சாவைத் தின்று தின்று அலுத்தவர். துறைமுகத்தை ஒட்டிய சொத்தோரிப்பா வளைவுகளுக்குக் கீழே ஒரு கடையில் ஃபரினாத்தாவைப் பார்த்து நின்றுவிட்டார். கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். மாவை மணிக்கணக்கில் ஊறவைத்து, ஈயம் பூசிய அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் நீளக் கம்பால் தள்ளுகிறார்கள். வெளியே வரும்போது ஓரம் கருகி மொறுமொறுவென்று, நடுவில் பதமாக இருக்கிறது. வெட்டித் தாளில் வைத்து மேலே மிளகுத்தூள். ஒரு வாய் வைத்ததும் அக்கா சொன்னார்: "டேய், இது கடலைமாவு அடைடா!" அதன் பிறகு அவரை அந்தக் கடையிலிருந்து கிளப்புவது கஷ்டமாகிவிட்டது. சூடாக இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். பல கடைகளில் சாயங்காலம்தான் அடுப்பு மூட்டுவார்கள், நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்த பெஸ்தோ பாஸ்தாவும் இந்த ஊர்ச் சொத்து. அதில் பாலாடைக்கட்டி உண்டு, பால் தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். காலையில் ஃபொக்காச்சாவை வெதுப்பகத்தில் எடைக்கு வாங்கினால் குழு முழுக்கப் பசியாறும்.

எனக்குக் கடல் போதும் என்று சொல்லியிருந்தேன். ஃபோச்சேயிலிருந்து போக்கதாஸேவரை கடலோரமாக இரண்டரை கிலோமீட்டர் போல நடை. முடிவில் பழைய மீனவக் குப்பம், காவியும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக வீடுகள், இழுத்து வைத்த படகுகள். கட்டணம் வாங்கும் குடை வரிசைகள் இத்தாலியக் கடற்கரையில் அதிகம், போக்கதாஸே இலவசம். ஆனால் மணல் கிடையாது, கூழாங்கல். ரப்பர் செருப்பு இல்லாமல் தண்ணீரில் இறங்க முடியாது. சில அடிகளிலேயே ஆழமும் வந்துவிடும். நீச்சல் தெரியாதவர்கள் முழங்காலோடு நிற்பதே சரி, கூட வந்தவர்களும் அவர்களைச் சீண்டி உள்ளே இழுக்கக் கூடாது. நேரம் இருந்தால் ரயிலில் நெர்விக்குப் போய்ப் பாறைமேல் போகும் நடைபாதையில் நடக்கலாம். போர்த்தோஃபினோவை விட்டுவிடுங்கள். மாணவர் பைக்கு அங்கே வேலை இல்லை.

பருவம் முக்கியம். ஏப்ரல், மே, செப்டம்பர் நல்ல காலம். அக்டோபர், நவம்பரில் மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இந்த ஊரில் மழை ஆபத்தானது. 2011 நவம்பர் 4 அன்று ஃபெரெஜானோ ஓடை பெருகி ஆறு பேர் இறந்தார்கள், 2014 அக்டோபரிலும் வெள்ளம் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கை வெளியிடுவார்கள். ஆரஞ்சு என்றாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், அறைக்குக் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை.

வேலைநிறுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி முன்னறிவிப்பு இருக்கும், பத்து நாள் முன்பே தெரிந்துவிடும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட மண்டல ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த உறுதி கிடையாது. திங்கள் காலை ஆய்வகம் இருப்பவர்கள் ஞாயிறு கடைசி ரயிலை நம்பாமல், அதற்கு முந்தையதைப் பிடிப்பது உத்தமம். கோடையில் அந்த நேரத்து ரயில்களில் நிற்கவும் இடம் இருக்காது.

சனிக்கிழமை மாலை வெயில் தாழும் நேரத்தில் பியாட்சா போர்த்தெல்லோவில் இருக்கும் லிஃப்டில் ஏறி கஸ்தெல்லெத்தோவுக்குப் போய்விடுங்கள். சாம்பல் நிறக் கல்பலகைக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் 1543இல் கட்டி 77 மீட்டர் உயரம் நிற்கும் லந்தேர்னா கலங்கரை விளக்கம், அதன் பின்னே கடல். காசு கொடுத்து ஏறும் எந்த மாடத்திலும் இதைவிட நல்ல காட்சி இந்த ஊரில் கிடையாது.

இந்த செமஸ்டரின் தேர்வு அட்டவணை வந்ததும், தேர்வு இல்லாத ஒரு முதல் ஞாயிறைத் தேடி, அதற்கு முந்தைய சனிக்கிழமையோடு சேர்த்து இப்போதே குறித்துவையுங்கள். அறைகள் அந்த வாரயிறுதிக்குத்தான் சீக்கிரம் தீரும்.